வரப்போரத்து ஆமணக்கு

மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், புழு விழும் காலத்தில் எங்கள் பக்கம் யாரிடம் யோசனை கேட்டாலும் பேச்சு கடைசியில் ஆமணக்கில்தான் வந்து நிற்கும். வயலைச் சுற்றி ஓரப்பயிராக ஆமணக்கு ஊன்றுங்கள், இலை தின்னும் புரோடீனியாப் புழுவின் தாயான அந்துப்பூச்சி மல்லாட்டையை விட்டுவிட்டு அதில் போய் முட்டை வைக்கும், பயிர் தப்பிக்கும் என்பார்கள். பயிற்சிக் கூட்டத்தில் இதைச் சொல்வார்கள், துண்டறிக்கையில் அச்சடித்திருப்பார்கள், வானொலியிலும் கேட்கலாம். பொறிப்பயிர் என்று பெயர். பெரிய செலவில்லை, மருந்தில்லை. துறைக்காரர்களுக்கும் பிடிக்கும், இயற்கை விவசாயம் பேசுகிறவர்களுக்கும் பிடிக்கும். இந்த இரண்டு கூட்டமும் ஒத்துப்போகிற விஷயங்கள் அபூர்வம் என்பதால் எனக்கும் அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனாலும் அந்த யோசனை பாதியிலேயே நின்றுபோகிறது என்ற உறுத்தல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. முட்டை ஆமணக்கில் விழுகிறது, சரி. விழுந்த முட்டை அதற்கப்புறம் என்ன ஆகிறது?

இதை வெளிப்படையாகப் போட்டு உடைத்தவர் சித்தப்பா. கிணற்றடி நிலத்தில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை போட்டு, கூட்டத்தில் சொன்னபடியே நாலு பக்கமும் ஆமணக்கு ஊன்றியிருந்தார். மல்லாட்டை பூத்து விழுது இறங்குகிற சமயம், ஆமணக்கு இடுப்புக்கு மேல் நின்றது. இலைகளில் பாதி பச்சையம் சுரண்டப்பட்டு வெளுத்திருந்தன. சிலதில் நரம்பு மட்டும் பாக்கி. பக்கத்து மல்லாட்டை வரிசைகளும் கடிபட்டிருந்தன, அதுவும் நிலத்து நடுவைவிட ஓரத்தில்தான் அதிகம். சித்தப்பா ஒரு கிழிந்த இலையைப் பறித்து என் கையில் கொடுத்தார். “நீ படிச்ச பையன், சொல்லு. எலிப்பொறியில தேங்கா சில்ல வெச்சிட்டு கதவ தொறந்தே வுட்டுட்டா எலி மாட்டுமா, கொழுத்துப் போவுமா?”

அப்போது அவருக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல, இலையைத் தின்ற புழு அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு குவியல், இரண்டு டப்பா

புரோடீனியா முட்டையைத் தனித்தனியாக வைப்பதில்லை. இலையின் அடிப்பக்கம் ஒரே இடத்தில் இருநூறு முந்நூறாகக் குவித்து, தன் வயிற்று ரோமத்தையே உதிர்த்து மேலே மூடிவிடும். வைக்கோல் நிறத்தில் ஒரு காசளவு திட்டு. அப்படி ஒரு குவியலோடு இலையைக் கொண்டுவந்து, பொரிந்த குஞ்சுகளைத் தூரிகை நுனியால் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களுக்குப் பிரித்துவிட்டேன். ஒன்றில் தினமும் மல்லாட்டை இலை, இன்னொன்றில் ஆமணக்கு இலை. வாயில் வெள்ளைத் துணி, அடியில் ஈரமண். தாய் ஒன்று, குவியல் ஒன்று, வைத்திருந்த திண்ணையும் ஒன்று. இலை மட்டும்தான் வேறு.

முதல் சில நாள் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கும்பலாக ஒட்டிக்கொண்டு இலையைச் சுரண்டின. மூன்றாவது தோலுரிப்பை ஒட்டித்தான் ஆமணக்கு டப்பா முந்த ஆரம்பித்தது. முதுகோரத்துக் கறுப்பு முக்கோணங்கள் அதில்தான் முதலில் தெளிவாகத் தெரிந்தன. இரவில் காதை வைத்துக் கேட்டால் இலை அரைபடும் சத்தம் கேட்கும். மண்ணுக்குள் முதலில் இறங்கியதும் அவைதான். அந்த நேரத்தில் மல்லாட்டை டப்பாவில் பலதும் இன்னும் தின்றுகொண்டிருந்தன. எல்லாம் கூடானபின் மண்ணைக் கிளறி, கூட்டுப்புழுக்களைச் செய்தித்தாளில் இரண்டு வரிசையாக அடுக்கினேன். ஆமணக்கு வரிசை தடித்து, செம்பழுப்பாக, தொட்டதும் வால் நுனியைச் சுழற்றி உதறியது. மல்லாட்டை வரிசையிலும் உயிர் இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் சற்று ஒல்லி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சோறு தின்கிற வீட்டில் இது என்ன அசிங்கம் என்று கேட்டது தனிக்கதை.

இரண்டு டப்பாவை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி என்று பேர் சூட்ட மாட்டேன். ஆனால் புரோடீனியாவுக்குப் பல செடி இலைகளைக் கொடுத்து முறையாகச் செய்த ஆய்வுகளிலும் ஆமணக்கு திரும்பத் திரும்ப மேல்வரிசையில்தான் வருகிறது: புழுப்பருவம் சீக்கிரம் முடியும், கூட்டுப்புழு எடை கூடும், வெளிவரும் தாய்ப்பூச்சி அதிக முட்டை வைக்கும். மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அந்துப்பூச்சியான பிறகு அதற்குக் கிடைப்பதெல்லாம் பூவில் உறிஞ்சும் கொஞ்சம் தேன். முட்டைக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கை அது புழுவாக இருந்தபோதே தின்று சேர்த்திருக்க வேண்டும். அதனால்தான் கூட்டுப்புழுவின் எடையைப் பார்த்தே அந்தப் பூச்சி எவ்வளவு முட்டை வைக்கும் என்று ஓரளவு கணிக்க முடிகிறது.

எடையில் சிறு வித்தியாசம்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஒரு தாய் 1500 முட்டை வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டே இரண்டு பிழைத்துப் பூச்சியானால் போதும், ஊரில் புரோடீனியா கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இரண்டுக்குப் பதில் நான்கு பிழைத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டிப்பு. 1498 செத்ததா, 1496 செத்ததா என்பதுதான் சாதாரண வருடத்துக்கும் ஊரே மருந்துக்கடையில் நிற்கிற வருடத்துக்கும் நடுவிலிருக்கும் தூரம். நம் வெயிலில் முட்டை பொரிய மூன்று முதல் ஐந்து நாள், புழுவுக்கு இரண்டு மூன்று வாரம், மண்ணுக்குள் கூடாகக் கிடக்க ஒரு வாரம் பத்து நாள். மாதம் ஒரு தலைமுறை. இலை சரியில்லாவிட்டால் புழுப்பருவம் இழுத்துக்கொண்டே போகும், சில சமயம் ஒரு தோலுரிப்பு கூடவே ஆகும். இழுக்கிற ஒவ்வொரு நாளும் மைனாவுக்கும் சிலந்திக்கும் எறும்புக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் கூடுதலாகக் கிடைத்த நாள். நல்ல இலை அந்த நாட்களைக் குறைத்துவிடுகிறது.

இந்தப் பூச்சி தின்னாத செடியைத் தேடுவதுதான் கஷ்டம். புகையிலை, பருத்தி, மிளகாய், சோயா, உளுந்து, சேம்பு, வாழை, காலிஃபிளவர், வரப்பில் படரும் சாரணை என்று நூற்றுக்கு மேல். 2008இல் மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் சோயாவை மொட்டையடித்தது இதுதான். 2017இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டபோது, சுவை அறியும் உணர்விகளுக்கான மரபணுக்களும், நஞ்சை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களும் முசுக்கட்டை இலையையே நம்பி வாழும் பட்டுப்புழுவைவிட இதற்குப் பெருகிக் கிடப்பது தெரிந்தது. ஆமணக்கு இலையில் ரிசினின் என்ற நஞ்சு உண்டு. புரோடீனியா அதையெல்லாம் சட்டை செய்வதில்லை.

வைரஸ் வாங்கப் போன இடத்தில்

சித்தப்பா சொன்னது சரி என்று அத்தோடு முடித்திருப்பேன். ஆமணக்கு பொறி கிடையாது, தீனி. பிடுங்கிப் போடுங்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். ஓர் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு என்.பி.வி. வைரஸ் வாங்கப் போனதுதான் அதைத் தடுத்தது. மருந்துக்குப் பதிலாகப் பயிரில் அடிக்கும் வைரஸ் இது: அது தாக்கிய புழு செடியின் உச்சிக்கு ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் சாகும், தொட்டால் தோல் கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் நீராக ஒழுகும். இதைத் தயாரிக்கப் புழுதான் வேண்டும். ஆயிரக்கணக்கில் புரோடீனியாவை வளர்த்து, முற்றுகிற தறுவாயில் வைரஸில் நனைத்த இலையைக் கொடுத்து, செத்தவற்றைச் சேகரித்து அரைத்து வடிகட்ட வேண்டும். ஓர் எக்டருக்கு அடிக்க 250 புழுக்களிலிருந்து கிடைக்கும் அளவு என்பது கணக்கு.

பில் போடத் தாமதமானதால் பின்னறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தட்டுத் தட்டாகப் புழு, எல்லாத் தட்டிலும் ஆமணக்கு இலை. இலை கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் ஏன் இது மட்டும் என்று கேட்டேன். “மல்லாட்ட எல, பருத்தி எலன்னு குடுத்துப் பாத்தாச்சு தம்பி. இதுல வந்தாதான் ஒடம்பு புடிக்குது. ஒடம்பு இருந்தாதான வைரஸ் கெடைக்கும்?” புரோடீனியாவைக் கொழுக்க வைத்தாக வேண்டியவர்கள் தேர்ந்தெடுக்கும் இலையும், புரோடீனியாவிடமிருந்து பயிரைக் காப்பாற்றச் சொல்கிறவர்கள் ஊன்றச் சொல்லும் செடியும் ஒன்றே. சித்தப்பா அங்கே நின்றிருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் அந்த அறையில் இன்னொன்றும் இருந்தது. மூலையில் துணி மூடிய கூண்டுக்குள் தாய்ப்பூச்சிகள். அவை முட்டை வைக்கக் கொடுத்திருந்தது ஆமணக்கு கிடையாது, அரளிக் கொத்து. “இதுலயும் வெக்கும், கூண்டுத் துணியிலயும் வெக்கும், எங்க வெச்சா என்ன, காலையில நாங்க எடுத்துடுவோம்” என்றார் அக்கா. குஞ்சு பொரிந்ததும் அவர்களே ஆமணக்குக்கு மாற்றிவிடுவார்களாம். சொல்லிக்கொண்டே கையிலிருந்த ஆமணக்கு இலையொன்றைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். தோட்டத்திலிருந்து பறித்து வரும் இலையில் வெளிப்புழு எதுவும் நோயோடு உள்ளே வந்துவிடக்கூடாதே, அதற்கான சோதனை. விரித்த கையைவிடப் பெரிய இலை. நரம்போரத்தில் ஒரு கறுந்திட்டு, இன்னோர் இடத்தில் குஞ்சுகள் சுரண்டிய கண்ணாடித் திட்டு. ஒரே பார்வைதான். இலையைக் கிழித்துச் சோப்புத்தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு அடுத்த இலையை எடுத்தார். ஒரு தாய்ப்பூச்சியின் ஓர் இரவு உழைப்பு அந்த வாளிக்குள் போய்விட்டது.

அங்கே நின்றபோதுதான் நான் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த கேள்வி பிரிந்து நின்றது. தாய் எங்கே முட்டை வைக்கிறது என்பது ஒன்று. குஞ்சு எதில் நன்றாக வளர்கிறது என்பது வேறொன்று. இரண்டும் ஒரே செடியில் அமைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆமணக்கில் அமைந்துவிடுகிறது, அதனால் சித்தப்பாவின் எலி கொழுக்கிறது. ஆனால் ஆமணக்குக்கு மூன்றாவதாக ஒரு குணமும் உண்டு, அது பூச்சிக்குச் சம்பந்தமில்லாதது. மல்லாட்டையின் சின்னச் சின்ன இலைகளுக்கு அடியில், தரையோடு தரையாக, குனிந்து குனிந்து தேடினாலும் அகப்படாத முட்டைக்குவியல், ஆமணக்கில் இடுப்புயரத்தில் ஓர் அகல இலையின் அடியில் பளிச்சென்று தெரிகிறது. சுரண்டல் திட்டு வரப்பில் நடந்து போகிறவர் கண்ணில் படுகிறது. அந்தச் செடி செய்வதெல்லாம் பூச்சியை நம் கண்ணுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவதுதான். மிச்ச வேலை கையால் செய்ய வேண்டியது. துண்டறிக்கையில் முதல் பாதி கொட்டை எழுத்திலும், முட்டைக்குவியலைச் சேகரித்து அழிக்கவும் என்கிற மறுபாதி பொடி எழுத்திலும் இருக்கும். கூட்டத்தில் பேசும்போது அந்தப் பொடி எழுத்து உதிர்ந்துவிடும்.

கதவு தானே மூடும் செடிகள்

கதவைத் தானே மூடிக்கொள்ளும் பொறிப்பயிர்கள் உலகத்தில் உண்டு. கென்யாவில் ஜெயாவுர் கான் தலைமையில் இசிபே என்ற பூச்சி ஆய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் சேர்ந்து 1990களிலிருந்து செய்த வேலை அது. மக்காச்சோளத்தைச் சுற்றி நேப்பியர் புல், வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடி. தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சி மக்காச்சோளத்தைவிட நேப்பியரில் விரும்பி முட்டை வைக்கிறது. குஞ்சு தண்டைத் துளைக்கப் போகும்போது புல்லிலிருந்து பிசின் போன்ற சாறு கசிந்து அதை அடைத்துவிடுகிறது, தப்பிப்பவை கொஞ்சம்தான். நம் ஊரில் மாட்டுக்கு அறுத்துப் போடும் கம்பு நேப்பியரின் ஒரு பக்கத்துச் சொந்தம்தான் அந்தப் புல். தென்னாப்பிரிக்காவில் இதே வேலைக்கு வெட்டிவேரைப் பார்த்திருக்கிறார்கள்: கைலோ தண்டுத்துளைப்பான் அதில் ஆசையாக முட்டையிடுகிறது, புழு பிழைப்பதில்லை. முட்டைக்கோஸைத் தாக்கும் வைர முதுகுப் பூச்சிக்கு, கடுகுக் குடும்பத்துப் பார்பேரியா என்ற களை அப்படி. தாய் தேடி வந்து வைக்கும். இலையிலுள்ள சபோனின் என்ற பொருள் குஞ்சைக் கொன்றுவிடும். தாய்க்கு மணம் பிடிக்கிறது, பிள்ளைக்கு இலை ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சியின் அந்தத் தப்புக்கணக்கில்தான் அந்த முறை முழுவதும் நிற்கிறது.

நம் பக்கத்து முட்டைக்கோஸ் முறையில் அந்த வசதி இல்லை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு இடையே கடுகு போடச் சொன்னார்கள். பூச்சி கடுகுக்குப் போனது. ஆனால் கடுகில் புழு சாகாது, நன்றாகவே வளரும். அதனால் கடுகுக்கு மட்டும் மருந்து அடியுங்கள் என்பதையும் முறையின் அங்கமாகவே சொல்லிவிட்டார்கள். ஆமணக்குக்கும் அப்படி உரக்கச் சொல்லியிருந்தால் சித்தப்பாவுக்கும் எனக்கும் பேச்சே வந்திருக்காது.

புரோடீனியாவுக்கு ஒரு வெட்டிவேர் கிடைக்குமா? எனக்கு நம்பிக்கை குறைவு. தண்டுத்துளைப்பான் தண்டுக்குள் புகுந்து அங்கேயே வளர்கிற புழு. புரோடீனியாவோ பாதி வளர்ந்ததும் கும்பலைக் கலைத்துக்கொண்டு பகலில் மண்ணிடுக்கில் பதுங்கி, இரவில் நடந்துபோய் மேயும். ஓரச் செடி ஒத்துவராவிட்டாலும் தீர்ந்துபோனாலும் இரண்டடி தள்ளி மல்லாட்டை இருக்கிறது. சித்தப்பாவின் வயலில் ஓர வரிசைகள் அதிகம் கடிபட்டிருந்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் அதுதான்: ஆமணக்கைக் காலி செய்த கூட்டம் பக்கத்து இலைக்கு இறங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஸ்வீடனில் இதன் ஒன்றுவிட்ட சகோதரமான ஆப்பிரிக்கப் பருத்தி இலைப்புழுவை வைத்துச் செய்த சோதனைகளில், புழுவாக எந்தச் செடியைத் தின்றதோ அந்தச் செடியின் பக்கமே பிறகு அந்துப்பூச்சியின் விருப்பமும் சாய்வதைக் கண்டார்கள். அப்படியானால் மல்லாட்டையில் வளர்ந்து முடித்தது திரும்ப மல்லாட்டைக்கே வரலாம்.

ஓரம் நடப்பது யார்

ஆக, எல்லாம் ஒரு சின்ன இடைவெளியில் அடங்கியிருக்கிறது. முட்டை விழுந்த நாளிலிருந்து குஞ்சுகள் கும்பல் கலையும் நாள்வரை, கூட்டினால் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். அதுவரை ஒரு குடும்பம் முழுக்க ஒரே இலையில் இருக்கும். ஓர் இலையைக் கிள்ளினால் இருநூறு முந்நூறு புழு போச்சு. தாண்டிவிட்டால் ஒவ்வொன்றாகத்தான் பிடிக்க வேண்டும், அல்லது மருந்து. முற்றிய புழுவுக்கு மருந்தும் லேசில் கேட்காது. ஆமணக்கில் புழு வேகமாக வளர்வதால் அந்த இடைவெளி மல்லாட்டையைவிட இங்கே குறுகல் என்பது இதிலுள்ள வினோதம். வாரம் ஒருமுறை பார்ப்பது மல்லாட்டைக்குப் போதலாம், ஆமணக்குக்குப் போதாது.

ஆமணக்குக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சின்னக் குமிழ் இருக்கும், உற்றுப்பார்த்தால் ஈரம் மினுங்கும். பூவில்லாமலே சுரக்கும் தேன் அது. காலையில் பார்த்தால் எறும்பும் சின்னக் குளவிகளும் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றில் சில புழுவையும் தூக்கிப்போகும். முட்டை ஒட்டுண்ணிகளில் பரவலாக வளர்த்துவிடும் டிரைக்கோகிரம்மா குளவி இந்த ரோமப் போர்வையைத் தாண்டத் திணறும். 1963இல் நியூகினியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த டெலினோமஸ் ரீமஸ் என்ற பொடிக் குளவி போர்வைக்குள் புகுந்து வேலையை முடிக்கும். ஆனால் ஓரத்தில் புழு தெரிகிறதே என்று ஆமணக்குக்கு மேல் கண்டபடி மருந்தடித்தால் முதலில் போவது இவைதான்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, கூலிக்கணக்குக்கு வந்துவிட்டார். நாலு பக்க வரப்பையும் இரண்டு நாளைக்கு ஒருதரம் சுற்றி இலை இலையாகத் திருப்பிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். களையெடுக்க ஆள் கூப்பிட்டால் வருவார்கள், அதற்கு ஒரு கூலி ஊரில் இருக்கிறது. இலையைத் திருப்பிப் பார்க்கும் வேலைக்கு யாரும் கூலி பேசியதில்லை. கேட்டால் சும்மா நடக்கத்தானே என்பார்கள். அந்தக் காலத்தில் சித்தி தினமும் கீரை பறிக்க வரப்பில் போய்வந்ததால் இந்த வேலை யாருக்கும் தெரியாமலே நடந்திருக்கலாம் என்பது என் ஊகம். சித்திக்கு இப்போது முட்டிவலி.

கடைசியில் பேசி முடிவானது இது. நாலு பக்கமும் வேண்டாம். மோட்டார் கொட்டகைக்குப் போகிற வரப்பில் மட்டும் ஆமணக்கு, நெருக்கமாக அல்ல, ஒவ்வொரு செடியையும் சுற்றிப் பார்க்கும்படி இடம் விட்டு. மோட்டார் போட எப்படியும் தினம் போய்த்தான் ஆக வேண்டும். போகிற வழியில் திட்டு விழுந்த இலையைக் கிள்ளி, கொட்டகை வாசலில் வைக்கும் சோப்புத்தண்ணீர் வாளியில் போட வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியில் பூச்சி கூடுதலாக விழுகிற வாரம் இரட்டைக் கவனம். மல்லாட்டை பிடுங்குவதற்கு முன்பே ஆமணக்கை வெட்டிவிட வேண்டும், கொட்டைக்கு ஆசைப்பட்டு அடுத்த உளுந்து வரைக்கும் நிறுத்தி வைக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் சித்தப்பா முகம் சுளித்தார். மீதி மூன்று வரப்பும் வெறுமனே கிடக்க வேண்டாம், துவரை ஊன்றப் போவதாகச் சொன்னார். துவரைக்குப் பச்சைக்காய்ப்புழு வரும் சித்தப்பா என்றேன். “அத்த அப்புறம் பாத்துக்கலாம், நீ மொதல்ல வாளிய வாங்கியா” என்றார்.